உடம்பில் நெருப்பு, மனத்தில் புகை!

காய்ச்சல் வந்தவரைக் கவனித்துப் பாருங்கள்.

நேற்று வரை வாய் ஓயாமல் பேசிக் கொண்டிருந்தவர், இன்று கம்பளியை இழுத்துப் போர்த்திக் கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து இருப்பார். மிளகு ரசம் கசக்கும். குழந்தை ஓடி வந்து மேலே விழுந்தால் கோபம் வரும். யாராவது நலம் விசாரிக்க வந்தால், "இவர் ஏன் இப்போது வந்தார்?" என்று தோன்றும். "என்ன செய்கிறது?" என்று மனைவி கேட்டால், "ஒன்றும் இல்லை, என்னைச் சும்மா விடு" என்பார்.

காய்ச்சல் உடம்புக்குத்தானே? மனத்துக்கு என்ன வந்தது?

"கிருமி ஆளை அடித்துப் போட்டுவிட்டது" என்று சொல்வார்கள். பல காலம் டாக்டர்களும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார்கள். 1988-ம் ஆண்டில், அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த கால்நடை விஞ்ஞானி பெஞ்சமின் ஹார்ட் என்பவர் வேறு விதமாகச் சொன்னார். நோய் கண்ட மாடு தீனி தின்னாது. மந்தையை விட்டு ஒதுங்கி நிற்கும். தலையைத் தொங்கப் போட்டுக் கொண்டு படுத்து விடும். நாயும் அப்படித்தான், கோழியும் அப்படித்தான். இவை கிருமியின் வேலை அல்ல, உடம்பே போடுகிற உத்தரவு என்றார் அவர். ஓடியாடித் திரிந்தால் வீணாகிற சக்தியை மிச்சப்படுத்தி, காய்ச்சலை மூட்டி, கிருமியை வாட்டுவதற்காக உடம்பு செய்கிற ஏற்பாடு அது.

நல்ல ஏற்பாடுதான். நாலைந்து நாளில் காய்ச்சல் இறங்கும். ரசம் ருசிக்கும். குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக் கொள்வார்.

ஆனால், அந்த நெருப்பு அணையாமல் உள்ளே கனன்று கொண்டே இருந்தால்?

உலகத்தின் பல நாடுகளில் மூளை டாக்டர்களும் மன நோய் டாக்டர்களும் மண்டையை உடைத்துக் கொண்டிருக்கும் கேள்வி இது.

எரிச்சல் என்ற சொல்

காலில் முள் குத்துகிறது. அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. இந்த நான்கு அடையாளங்களையும் ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரியில் செல்சஸ் என்பவர் எழுதி வைத்தார். இதற்கு டாக்டர்கள் கொடுத்துள்ள பெயர் "அழற்சி." அழல் என்றால் நெருப்பு.

தமிழனுக்கு இது புதிதல்ல. கண் எரிந்தாலும் எரிச்சல்தான். எதிர் வீட்டுக்காரரைப் பார்த்தால் வருவதும் எரிச்சல்தான். இரத்தத்துக்கும் கொதிப்பு உண்டு, மனத்துக்கும் கொதிப்பு உண்டு. வயிற்றெரிச்சலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்! உடம்பின் சூட்டுக்கும் மனத்தின் சூட்டுக்கும் ஒரே சொல்லை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் முன்னோர்கள். சொல் ஒன்றாக இருப்பதால் மட்டும் விஷயம் ஒன்று என்று ஆகிவிடாது. அதை நிரூபிக்க வேண்டும்.

முள் குத்திய இடத்தில் என்ன நடக்கிறது? அங்கே காவல் இருக்கும் வெள்ளை அணுக்கள் உடனே இரத்தத்தில் சில இரசாயனங்களைக் கொட்டுகின்றன. இவற்றுக்கு "சைட்டோகைன்" என்று பெயர். அந்தக் காலத்துத் தந்தி மாதிரி என்று வைத்துக் கொள்ளலாம். "எதிரி நுழைந்து விட்டான், ஆள் அனுப்பு" என்பது சேதி.

இந்தத் தந்தி மூளைக்குப் போகாது என்றுதான் பழைய பாடப் புத்தகங்கள் சொல்லின. மூளை ஒரு கோட்டை. இரத்தத்தில் வரும் கண்ட பொருளும் உள்ளே நுழைய முடியாதபடி சுவர் இருக்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சுவர் இருப்பது உண்மை. ஆனால் அதில் வாசல்களும் உண்டு என்று பின்னால் தெரிந்தது. வயிற்றிலிருந்தும் நெஞ்சிலிருந்தும் மூளைக்குப் போகும் பெரிய நரம்பு ஒன்று, கீழே நடக்கும் அழற்சியை மேலே தெரிவிக்கிறது. 2015-ம் ஆண்டில், மூளையை மூடியிருக்கும் சவ்வில் நிணநீர்க் குழாய்கள் ஓடுவதை எலிகளிடம் கண்டு பிடித்தார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவிலும் பின்லாந்திலும் தனித்தனியாக நடந்த ஆராய்ச்சி அது. எத்தனையோ நூற்றாண்டுகளாக மண்டை ஓட்டைத் திறந்து பார்த்தவர்கள் கண்ணில் அது சரியாகப் படாமல் போனது வேடிக்கைதான்!

கொசுக் காய்ச்சலுக்கு நோபல் பரிசு

வியன்னா நகரம். 1917-ம் ஆண்டு ஜூன் மாதம் 14-ந் தேதி. முதல் உலகப் போர் நடந்து கொண்டிருந்தது.

போர்முனையிலிருந்து மலேரியாக் காய்ச்சலோடு திரும்பிய ஒரு சிப்பாயின் உடம்பிலிருந்து டாக்டர் ஜூலியஸ் வாக்னர்-யாரெக் இரத்தம் எடுத்தார். அதை மன நோய் ஆஸ்பத்திரியில் இருந்த நோயாளிகளின் உடம்பில் செலுத்தினார்.

இது என்ன கொடுமை? மன நோயாளிக்கு மலேரியாவையும் கொடுப்பதா?

காரணம் இருந்தது. அந்த நோயாளிகளுக்கு வந்திருந்தது, மேக நோய்க் கிருமி மூளையைத் தாக்குவதால் வரும் வாத நோய். முதலில் மறதி, பிறகு தாறுமாறான பேச்சு, "நான்தான் ராஜா" என்ற பெருமை, வலிப்பு, கடைசியில் கை கால் விழுந்து மரணம். சில ஆண்டுகளில் ஆள் போவது நிச்சயம். ஐரோப்பாவின் மன நோய் ஆஸ்பத்திரிகளில் இப்படிப்பட்டவர்கள் ஏராளமாகக் கிடந்தார்கள். ஒழுக்கக் கேட்டுக்குக் கிடைத்த தண்டனை என்று ஊர் சொல்லிற்று. 1913-ம் ஆண்டில், நியூயார்க்கில் ஜப்பானிய விஞ்ஞானி நொகுச்சியும் டாக்டர் மூரும் இறந்து போன நோயாளிகளின் மூளையில் அந்தக் கிருமியைக் கண்ணால் கண்டார்கள். பைத்தியம் என்று கருதப்பட்ட ஒன்று, கிருமியால் வந்த மூளை அழற்சி என்பது அன்றைக்கு ருசுவாயிற்று.

வாக்னர்-யாரெக்குக்கு இந்த எண்ணம் தோன்றியது அதற்கும் 30 ஆண்டுகளுக்கு முன்னால். 1883-ம் ஆண்டில், புத்தி பேதலித்த ஒரு பெண்ணுக்குத் தோல் சிவந்து வீங்கிக் கடும் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் விட்டபோது பேதலிப்பும் விட்டிருந்தது! அதை அவர் மறக்கவே இல்லை. பல விதங்களில் காய்ச்சலை மூட்டிப் பார்த்தார். கடைசியில் மலேரியாவைப் பிடித்தார். மலேரியாவுக்கு கொயினா இருக்கிறதே, வேண்டும்போது காய்ச்சலை நிறுத்திவிடலாம் என்பது அவர் கணக்கு.

முதலில் 9 பேருக்குக் கொடுத்தார். 6 பேருக்கு நல்ல குணம் தெரிந்தது. அவர்களில் சிலருக்கு நோய் திரும்பி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் நோயாளிகளில் ஒருவர் நாடக நடிகர். மறதியும் வலிப்புமாகக் கிடந்தவர். பல முறை காய்ச்சல் ஏறி இறங்கிய பின், வலிப்பு நின்றது. சில மாதங்களில் மற்ற நோயாளிகளுக்கு வசனம் பேசிக் காட்டும் அளவுக்குத் தேறினார்.

1927-ம் ஆண்டில் வாக்னர்-யாரெக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. மன நோய் டாக்டர் ஒருவருக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. அதே வியன்னாவில் வாழ்ந்தவர்தான் உலகப் புகழ் பெற்ற சிக்மண்ட் பிராய்டு. இருவரும் ஒரு சாலை மாணாக்கர்கள். மனத்தின் ஆழத்தில் தேடியவருக்குப் பரிசு கிடைக்கவில்லை. கொசுக் காய்ச்சலைக் கொடுத்தவருக்குக் கிடைத்தது!

மலேரியா வைத்தியத்தில் உயிர் இழந்தவர்களும் உண்டு. 1940-களில் பென்சிலின் வந்ததும் இந்த வைத்தியம் மறைந்தது. ஆனால் "மன நோயின் வேர் உடம்பில் இருக்கலாம்" என்ற எண்ணம் மறையவில்லை. ஒரு நல்ல எண்ணம் தவறான கையில் அகப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு, அமெரிக்காவில் அதே காலத்தில் நடந்த ஒரு கொடுமை சாட்சி.

பல்லைப் பிடுங்கிய டாக்டர்

நியூ ஜெர்சி மாகாணத்தில் டிரென்டன் என்னும் ஊர். அங்கே சர்க்கார் மன நோய் ஆஸ்பத்திரிக்கு 1907-ம் ஆண்டில் தலைமை டாக்டராக வந்தார் ஹென்றி காட்டன். ஜெர்மனி சென்று பெரிய மேதைகளிடம் படித்தவர். வந்தவுடன் நோயாளிகளைக் கட்டிப் போடும் வழக்கத்தை ஒழித்தார். நல்லவர் என்று பெயர் எடுத்தார்.

பிறகு அவருக்கு ஒரு கொள்கை பிடித்தது. உடம்பில் எங்கோ ஒரு மூலையில் சீழ் மறைந்திருக்கிறது. அதன் விஷம் இரத்தத்தில் கலந்து மூளையைக் கெடுக்கிறது. சீழை எடுத்தால் பைத்தியம் தெளியும்!

எங்கே சீழ்? முதலில் பல்லில் என்றார். ஆயிரக்கணக்கான பற்களைப் பிடுங்கினார்கள். தெளியவில்லையா? தொண்டைச் சதையை எடுத்தார்கள். அப்போதும் தெளியவில்லையா? பெண்களின் கர்ப்பப்பையில் கை வைத்தார்கள். கடைசியில் வயிற்றைக் கிழித்துப் பெருங்குடலை வெட்டினார்கள். வேண்டாம் என்று கதறியவர்களையும் இழுத்துக் கொண்டு போய் மேஜையில் கிடத்தினார்கள்.

100-க்கு 85 பேர் குணமானதாக காட்டன் சொன்னார். பத்திரிகைகள் புகழ்ந்தன. பணக்காரர்கள் தங்கள் வீட்டு நோயாளிகளை அழைத்துக் கொண்டு டிரென்டனுக்கு ஓடினார்கள். தம் சொந்தப் பிள்ளைகளின் பற்களையே அவர் பிடுங்க வைத்தார் என்றால், அந்த நம்பிக்கையின் வேகத்தைப் பார்த்துக் கொள்ளுங்கள்.

குடல் ஆபரேஷன் செய்தவர்களில் 100-க்கு 30 பேர் வரை மாண்டார்கள். அதை அவரே ஒப்புக் கொண்டார். 1924-ம் ஆண்டில் டாக்டர் பிலிஸ் கிரீனேகர் என்ற பெண்மணி விசாரணை செய்ய அனுப்பப்பட்டார். வீடு வீடாகப் போய், "குணமானவர்கள்" எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்தார். கணக்கு தலைகீழாக இருந்தது. கத்தி படாதவர்கள்தாம் தேறி இருந்தார்கள்! அறிக்கை எழுதினார். அவரை அனுப்பிய பெரிய டாக்டர் அடால்ப் மேயர், காட்டனின் குரு. அறிக்கையை அவர் அமுக்கி விட்டார். 1933-ம் ஆண்டில் காட்டன் இறந்தார். அதற்குள் இறந்தவர்கள் பல நூறு பேர்.

பல்லில் சீழ் இருந்தால் உடம்புக்குக் கெடுதல்தான். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் "ஒரே காரணம், ஒரே வைத்தியம்" என்று கிளம்புகிறவர்களிடம் எச்சரிக்கை வேண்டும். டிரென்டனுக்குப் பிறகு மன நோய் டாக்டர்கள் உடம்பு, அழற்சி என்ற பேச்சை எடுக்கவே நெடுங்காலம் கூசினார்கள். அதுவும் ஒரு நஷ்டம்தான்.

ஊசி போட்டால் அழுகை

கூச்சத்தைப் போக்கியது ஒரு மருந்து.

மஞ்சள் காமாலைக் கிருமிகளில் "சி" என்று ஒரு வகை. ஈரலை அரித்துக் கொண்டே இருக்கும். இதற்கு "இன்டர்பெரான்" என்ற ஊசியை மாதக் கணக்கில் போட்டு வந்தார்கள். இன்டர்பெரான் வேறு ஒன்றும் இல்லை. உடம்பே தயாரிக்கும் சைட்டோகைன்களில் ஒன்று. அதாவது, முன்பு சொன்ன தந்தியை டாக்டரே எழுதி உடம்புக்குள் அனுப்புகிறார்.

நடந்தது என்ன? முதல் ஓரிரு வாரங்களில் நோயாளிக்குச் சாப்பாடு இறங்கவில்லை, களைப்பு. ஓரிரு மாதங்கள் போனதும், ஏறத்தாழ 4 பேரில் ஒருவருக்கு மனம் இருண்டது. சும்மா இருக்கும்போதே கண்ணீர் வந்தது. "இருந்து என்ன பயன்?" என்றார்கள். தற்கொலைக்கு முயன்றவர்களும் உண்டு. இவர்களில் பலர் அதற்கு முன்பு மன நோய் என்பதே அறியாதவர்கள். குடும்பத்தில் சண்டை இல்லை; கடன் இல்லை; காதல் தோல்வி இல்லை. ஊசியை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு மனம் தெளிந்தது.

தெரிந்த ஒரு பொருளை, தெரிந்த அளவில், தெரிந்த நாளில் போடுகிறார்கள், மனம் சோர்கிறது. நிறுத்துகிறார்கள், தேறுகிறது. இதைவிட நேரான சாட்சி வேறு கிடைக்காது.

புற்று நோய்க்காக இதே ஊசியைப் பெரிய அளவில் போட்டுக் கொண்ட 40 பேரிடம் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. 2001-ம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. ஒரு பாதிப் பேருக்கு மனச்சோர்வைத் தடுக்கும் மாத்திரையை முன்கூட்டியே கொடுத்தார்கள். மறு பாதிக்கு வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை தின்றவர்களில் 100-க்கு 45 பேருக்குக் கடும் மனச்சோர்வு வந்தது. மருந்து தின்றவர்களில் 100-க்கு 11 பேருக்குத்தான் வந்தது.

மனச்சோர்வு எப்படி உண்டாகிறது? பால், முட்டை, பருப்பு முதலிய உணவில் "டிரிப்டோபேன்" என்ற சத்து இருக்கிறது. மூளை அதை வைத்து "செரடோனின்" என்னும் இரசாயனத்தைச் செய்கிறது. உடம்பில் அழற்சி ஓங்கும்போது அந்தச் சத்து வேறு வழியில் திருப்பி விடப்படுகிறது. மேல் மடைக்காரர் வாய்க்காலை வெட்டித் தம் வயலுக்குத் திருப்பிக் கொண்டால், கீழ் மடையில் என்ன இருக்கும்? திருப்பி விடப்பட்ட சத்திலிருந்து மூளைக்கு ஆகாத பொருள்களும் உண்டாகின்றன. ஒரு காரியத்தில் ஆசையையும் ஊக்கத்தையும் தருகிற "டோபமைன்" என்ற இரசாயனமும் குறைகிறது. "எதிலும் பிடிப்பே இல்லை" என்று நோயாளி சொல்வதற்கு இரத்தத்திலேயே காரணம் இருக்கிறது.

2013-ம் ஆண்டுக்குப் பிறகு மஞ்சள் காமாலைக்குப் புதிய மாத்திரைகள் வந்தன; இன்டர்பெரானுக்கு வேலை குறைந்தது. நல்ல வேளை!

எல்லோருக்கும் அல்ல

இனி ஊசி போடாதவர்களின் கதை. இங்கிலாந்தில் பிரிஸ்டல் வட்டாரத்தில் 1991, 1992-ம் ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறார்கள். 9 வயதில் ஏறத்தாழ 4,500 பேரின் இரத்தத்தில் ஒரு வகை சைட்டோகைனை அளந்தார்கள். 18 வயதில் மனநிலையை விசாரித்தார்கள். அந்தப் பொருள் அதிகம் இருந்த மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு, குறைவாக இருந்த மூன்றில் ஒரு பங்கினரைவிட மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருந்தது. முதலில் நெருப்பு, பிறகு புகை என்ற வரிசை அதில் தெரிந்தது. இது 2014-ம் ஆண்டில் வெளியான செய்தி.

உடனே குதித்து விடக் கூடாது. மனச்சோர்வு உள்ளவர்களை எல்லாம் சோதித்தால், இரத்தத்தில் அழற்சி தெளிவாகத் தெரிவது ஏறத்தாழ 4-ல் ஒருவருக்குத்தான். மற்றவர்களின் துயரத்துக்கு வேறு காரணங்கள். வேலை போனதும், பிள்ளை இறந்ததும், குடிகாரப் புருஷனும், கந்து வட்டிக்காரரும் இரத்தப் பரிசோதனையில் தெரிய மாட்டார்கள்.

அட்லாண்டா நகரில் எமரி பல்கலைக் கழகத்தார் ஒரு சோதனை செய்தார்கள். எந்த மாத்திரைக்கும் மசியாத மனச்சோர்வு உள்ள 60 பேரைத் தேர்ந்து எடுத்தார்கள். மூட்டு வாதத்துக்குப் போடும் அழற்சி எதிர்ப்பு மருந்து ஒன்றைப் பாதிப் பேருக்கு நரம்பு வழியாக ஏற்றினார்கள். மறு பாதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். 12 வாரம் கழித்துப் பார்த்தால், இரண்டு கூட்டமும் ஒன்று போலத்தான் இருந்தது. தோல்வி!

ஆனால் "சி.ஆர்.பி." என்ற இரத்தப் பரிசோதனையில் அழற்சி அதிகம் இருந்தவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, அவர்களுக்கு மருந்து பலன் கொடுத்திருந்தது. அழற்சி இல்லாதவர்களோ, மருந்து ஏறியவர்களைவிட உப்புத் தண்ணீர் ஏறியவர்களே நன்றாக இருந்தார்கள்! இந்த முடிவு 2013-ம் ஆண்டில் அச்சாயிற்று. பிறகு வேறு மருந்துகளை வைத்து நடந்த சோதனைகளிலும் சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை.

ஆகவே, இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக் கடைக்குப் போய் "வீக்க மாத்திரை" கேட்க வேண்டாம். நம் ஊர்களில் மூட்டு வலிக்கு ஸ்டீராய்டு மாத்திரைகளைச் சீட்டு இல்லாமலே வாங்கி விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும். அதே ஸ்டீராய்டு சிலருக்குத் தூக்கத்தைக் கெடுத்து, வெறி பிடித்தாற்போல் பேச வைக்கும். சிலரை அழ வைக்கும். நெருப்பை அணைக்கப் போய் வீட்டையே வெள்ளத்தில் மூழ்கடித்த கதைதான்.

கடிகாரம் வரைந்த பெண்

அழற்சி மூளையையே நேராகத் தாக்கினால், விளைவு பயங்கரம்.

2009-ம் ஆண்டு. சூசன்னா கஹாலன் என்ற 24 வயதுப் பெண், நியூயார்க்கில் ஒரு பத்திரிகையில் நிருபர். சுறுசுறுப்பானவர். திடீரென்று எல்லோர் மீதும் சந்தேகம் வந்தது. காரணம் இல்லாமல் அழுதார், சிரித்தார். கை மரத்தது. வலிப்பு வந்தது. குடியை நிறுத்தியதால் வந்த கோளாறு என்று ஒரு டாக்டர் சொன்னார். மன நோய் என்று சொன்னவர்களும் உண்டு. ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தார். பேச்சு குழறியது. பரிசோதனைகளில் ஒன்றும் பிடிபடவில்லை.

சிரியா நாட்டில் பிறந்த டாக்டர் சுகேல் நஜ்ஜார் வந்தார். ஒரு காகிதத்தைக் கொடுத்து, "ஒரு கடிகாரம் வரை அம்மா" என்றார். அந்தப் பெண் வட்டம் போட்டு, 1 முதல் 12 வரை எல்லா எண்களையும் வலப் பக்கத்திலேயே எழுதி வைத்தார். இடப் பக்கம் காலி! மூளையின் வலப் பாதியில் அழற்சி என்று டாக்டர் ஊகித்தார். அது சரியாக இருந்தது. உடம்பின் காவற்படையே மூளையின் ஒரு பகுதியை எதிரி என்று நினைத்துத் தாக்கி இருக்கிறது. மருந்து கொடுத்து அந்தப் படையை அடக்கினார்கள். சில மாதங்களில் அவர் வேலைக்குத் திரும்பினார். 2012-ம் ஆண்டில் தம் கதையைப் புத்தகமாகவும் எழுதினார்.

இந்த நோயை டாக்டர் ஜோசப் டால்மாவ் என்பவர் கண்டு சொன்னது 2007-ம் ஆண்டில்தான். பெரும்பாலும் இளம் பெண்களுக்கு வருகிறது. சிலருக்குச் சூல்பையில் இருக்கும் ஒரு கட்டியே காரணம். கட்டியை எடுத்தால் புத்தி தெளிகிறது. 577 நோயாளிகளைப் பற்றி 2013-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ 5-ல் 4 பேர் இரண்டு ஆண்டுகளில் நல்ல நிலைக்கு வந்திருந்தார்கள். சீக்கிரம் வைத்தியம் தொடங்கியவர்கள் சீக்கிரம் தேறினார்கள்.

2007-க்கு முன்பு இந்த நோய் இல்லாமலா இருந்தது? இருந்தது. அப்போது அதன் பெயர் பைத்தியம்; அல்லது பேய்.

நேற்று வரை கல்லூரிக்குப் போய் வந்த பெண் இன்று கண்டபடி பேசுகிறாள், முகம் கோணுகிறது, வலிப்பு வருகிறது என்றால், அவளை முதலில் தூக்கிக் கொண்டு ஓட வேண்டிய இடம் மூளை நரம்பு டாக்டர் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி. கோவிலுக்கோ தர்காவுக்கோ போவதை யாரும் தடுக்கவில்லை. நேர்ந்து கொள்வதற்கு நாள் இருக்கிறது. 2001-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 2017-ம் ஆண்டுச் சட்டம், மன நோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தெளிவாகத் தடுத்து விட்டது. சட்டம் சங்கிலியைத்தான் அவிழ்க்கும். டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டியது வீட்டார்.

"மனத்தைத் தேற்றிக்கொள்!"

இன்னொரு குறையும் இருக்கிறது. 2006-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் சிக்குன்குனியா பரவியது. காய்ச்சல் விட்ட பிறகும் மாதக் கணக்கில் மூட்டைப் பிடித்துக் கொண்டு நடந்தவர்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். அவர்களில் எதிலும் நாட்டம் இல்லாமல் மூலையில் உட்கார்ந்தவர்களை, "காய்ச்சல்தான் போய்விட்டதே, இன்னும் என்ன சோம்பல்?" என்று கேட்டார்கள். முடக்கு வாதக்காரர்களுக்கும் இதே பேச்சுத்தான். மூட்டு டாக்டர் மூட்டைப் பார்க்கிறார். மன நோய் டாக்டர் மனத்தைப் பார்க்கிறார். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கின்றன என்பது எந்தச் சீட்டிலும் எழுதப்படவில்லை. "தூக்கம் வருகிறதா? அழுகை வருகிறதா?" என்று மூட்டு டாக்டர் கேட்பதற்கு ஒரு நிமிஷம் போதும். மனச்சோர்வு என்று வந்தவரின் மூட்டையும், பல்லையும், சர்க்கரையையும், தைராய்டையும் மன நோய் டாக்டர் விசாரித்து அனுப்ப வேண்டும். செலவு அதிகம் இல்லை.

சோர்ந்து கிடப்பவரிடம் "மனத்தைத் தேற்றிக்கொள், எல்லாம் சரியாகி விடும்" என்பது நம் வீடுகளில் இலவசமாகக் கிடைக்கும் வைத்தியம். நிமோனியாக் காய்ச்சலில் கிடப்பவரிடம் யாரும் "நுரையீரலைத் தேற்றிக்கொள்" என்று சொல்வது இல்லை.

இந்தப் பாதை ஒரு வழிப் பாதையும் அல்ல. உடம்பின் நெருப்பு மனத்துக்குப் போகிறது. மனத்தின் பாரம் உடம்பிலும் நெருப்பை மூட்டுகிறது. நியூசிலாந்தில் டுனிடின் நகரில் பிறந்த 1,037 பேரைப் பிறப்பு முதல் கவனித்து வந்தார்கள். சிறு வயதில் அடி உதையும் கொடுமையும் பட்டவர்களுக்கு, 32 வயதிலும் இரத்தத்தில் அழற்சி கூடுதலாக இருந்தது. இது 2007-ம் ஆண்டில் வெளியாயிற்று.

அமெரிக்காவில் ஒகையோ மாகாணத்தில் 1995-ம் ஆண்டில் வெளியான சோதனை இன்னும் எளியது. புத்தி தடுமாறிய கணவனையோ தாயையோ வீட்டில் வைத்துப் பார்த்துக் கொண்டிருந்த 13 பெண்களை அழைத்தார்கள். அதே வயதில், அந்தப் பாரம் இல்லாத 13 பெண்களையும் அழைத்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மிளகு அளவுக்குத் தோலை எடுத்துக் காயம் உண்டாக்கி, அது ஆறும் நாளை எண்ணினார்கள். மற்றவர்களுக்கு ஏறக்குறைய 39 நாளில் ஆறியது. நோயாளியைப் பார்த்துக் கொண்டிருந்தவர்களுக்கு அதற்கு மேலும் 9 நாள் பிடித்தது.

நோயாளியோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, வராந்தாவில் தூக்குச் சட்டியோடு உட்கார்ந்திருக்கும் அம்மாளையும் டாக்டர் ஒரு வார்த்தை கேட்கலாம்.